லாரி திரும்பிப் போனால் போதுமா?



2024 டிசம்பரில் திருநெல்வேலிச் சீமையின் நடுக்கல்லூர், கோடகநல்லூர், பழவூர் பக்கம் கொட்டிக் கிடந்த மூட்டைகளை மறந்திருக்க மாட்டீர்கள். ஊசி, கையுறை, ரத்தம் தோய்ந்த பஞ்சு. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக் கழிவு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு விதித்தது. டிசம்பர் 22 அன்று கேரளத்து லாரிகள் வந்து அள்ளிப் போயின.

இதைத் தமிழன் - மலையாளி சண்டையாக்கப் பலர் முயன்றார்கள். பொன்முடி எஸ்டேட் லயங்களில் பிழைக்கும் நமக்கு அந்தப் பேச்சு ஆகாது; உண்மையும் அதுவல்ல. கைதானவர்களில் நம் தமிழர்களும் உண்டு. இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். இதே பொன்முடி அடிவாரத்தில், பாலோட்டை அடுத்த பெரிங்ஙமலையில், கழிவு எரிக்கும் ஆலை கட்ட இந்திய மருத்துவச் சங்கம் முனைந்தபோது, 2018இல் அதை மறித்தவர்கள் மலையாள மக்களும் காணிக்காரர்களும்தான். தங்கள் காட்டையும் தண்ணீரையும் காத்தார்கள். அதைத் தவறென்று யார் சொல்வது?

ஆனால் ஆலை வராததால் கழிவு குறைந்துவிடவில்லை. அது பாலக்காட்டுக் கஞ்சிக்கோடு வரை, 300 கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டியிருந்தது. கழிவைச் சேகரிக்கும் எல்லை 75 கிலோமீட்டர், மிஞ்சினால் 150 என்பது மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல். தூரம் கூடினால் வழியிலே கவிழ்த்துவிட்டு டீசல் காசை மிச்சம் பிடிக்கும் ஆசையும் கூடத்தானே செய்யும்?

ஆகவே நம் கேள்வி வேறு: இத்தனை கழிவு ஏன் சேருகிறது? ஆஸ்பத்திரிக் குப்பையில் சுமார் 85 சதவீதம் வீட்டுக் குப்பை போன்றதே என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதி 15தான் ஆபத்தானது. இரண்டையும் ஒரே வாளியில் போட்டால் நூறும் விஷம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று வாளி பிரித்து வைக்கச் சட்டம் இருக்கிறது. வார்டில் பிரிக்காததை லாரியில் யார் பிரிப்பார்?

பழையபடி கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைக்கும் காலத்துக்குப் போகச் சொல்லவில்லை. 2009இல் குஜராத்தின் மோடாசாவில், போட்ட ஊசியையே மறுபடி போட்டதால் மஞ்சள்காமாலை பரவிப் பலர் செத்தார்கள். ஊசி ஒரு முறைக்குத்தான். ஆனால் மாத்திரை போதுமான இடத்தில் ஊசி எதற்கு? (ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்றே மதிக்காத பழக்கம் நம்மிடமும் இருக்கிறது, ஒப்புக்கொள்வோம்.) துணி அங்கியும் ஸ்டீல் தட்டும் நீராவியில் சுத்தமாகும்போது ஒருமுறைப் பிளாஸ்டிக் எதற்கு?

இனி முக்கியமானதற்கு வருவோம். அந்தப் பையின் வாயைக் கட்டுவது யார்? டாக்டர் அல்ல, காண்டிராக்ட் கூலிக்கு வரும் துப்புரவுப் பெண். பைக்குள் மறைந்த ஊசி முதலில் குத்துவது அவள் விரலில். 2016 விதிகளின்படி கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் மஞ்சள்காமாலை-பி, டெட்டனஸ் தடுப்பூசியும் கையுறையும் பூட்ஸும் ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனையும் நிர்வாகம் தந்தாக வேண்டும். காண்டிராக்ட் ஆள் என்று தட்டிக் கழிக்க முடியாது.

விதுரையிலோ நெடுமங்காட்டிலோ நகரத்திலோ ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் நம் சகோதரிகள் அடுத்த சங்கக் கூட்டத்துக்குத் தடுப்பூசி அட்டையோடு வாருங்கள். அட்டை இல்லாதவர்கள் எந்த ஆஸ்பத்திரி, எந்தக் காண்டிராக்டர், எத்தனை வருட வேலை என்று எழுதி வாருங்கள். மனு அங்கேயே தயாராகும்.