தோற்று வரும் பிள்ளைக்கு

கோவில்பட்டி என்றதும் தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் நினைவுக்கு வரும். ஹாக்கியும் அவற்றுக்கு இணையான அடையாளமே. 2022 மே, ஜூன் மாதங்களில் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில், இவ்வூர் மாரீஸ்வரனும் இங்குள்ள விளையாட்டு விடுதியில் பயின்ற அரியலூர்க் கார்த்தியும் இடம்பெற்றனர். இவ்வூருக்கே அது பெருமை. ஆனால் அப்பெருமையை அளவுகோலாக்கி நம் பிள்ளைகளை அளப்பது முறையன்று.

களத்தில் ஓர் அணிக்கு 11 பேருக்கே இடம். எஞ்சியோர் வீணாய்ப் போனவர் அல்லர். ஒன்பதாம் வகுப்புவரை மட்டை வாங்கித் தந்துவிட்டு, பத்தாம் வகுப்பில் "இது சோறு போடுமா?" என்று பிடுங்கிவைக்கும் பெற்றோர், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலையை மட்டுமே கணக்கிட்டவர்கள். மானாவாரி உழவர் மழையிடம் உறுதி வாங்கிக்கொண்டா விதைக்கிறார்?

பெற்றோர் செய்யக்கூடியவை எளியவை. விடியற்காலைப் பயிற்சிக்கு எழுப்பி அனுப்புங்கள். பல்லுக்கும் காலுக்கும் காப்பு வாங்கிக் கொடுங்கள். எல்லைக்கோட்டருகே நின்று கத்தாமல், ஆட்ட நுணுக்கத்தைப் பயிற்றுநரிடம் விட்டுவிடுங்கள். தோற்று வரும் மாலையில் விசாரணை வேண்டாம். சூடாகச் சோறு போடுங்கள். வென்ற நாளில் ஊரே உடன் நிற்கும். தோற்ற நாளில் உடன் நிற்க வீட்டாரையன்றி வேறு எவர் உளர்?