நிறுத்திவைத்த கடன் வழக்குக்கும் ஒரு முடிவு நாள் வேண்டும்

கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், வாடகைக் கொள்முதல் பாக்கி ஆகியவற்றுக்காகத் தொடுக்கப்பட்டுப் பாதியில் நிற்கும் வழக்குகள் குறித்த எங்கள் நிலைப்பாடு இது. வழக்கை நிறுத்திவைப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. நாள் குறிக்காமல் நிறுத்திவைப்பதைத்தான் எதிர்க்கிறோம். வழக்குப் போட்டவர் அதை நடத்தவும் மாட்டார், கைவிடவும் மாட்டார் என்றால், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு சட்டமே அதை முடித்துவைக்க வேண்டும்.

நல்ல நிறுத்தமும் இருக்கிறது. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாகத் தவணைத் திட்டம் வகுத்துத் தருகிறது. வங்கி அதை ஏற்றால் நெருக்கடி தணிகிறது. திவால் சட்டத்தில் 2017இல் சேர்க்கப்பட்ட தன்னார்வ ஏற்பாட்டின்படி, கடனாளி நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு பெற்றால் 90 நாள்களுக்கு யாரும் அவர்மேல் வழக்கை நகர்த்த முடியாது. இந்த நிறுத்தங்களுக்குக் காரணம் உண்டு, அளவும் உண்டு. கோவிட் காலத்தில் நாடே அப்படித்தான் செய்தது. வங்கிக் கடன் தவணைக்கு 2020 ஏப்ரல் 1 முதல் ஆறு மாத விலக்கு. தவணை தவறிய வாகனத்தை இழுத்துச் செல்லவும் செப்டம்பர் 30 வரை தடை. காலாவதியாகவிருந்த வழக்குரிமைகளுக்கு டிசம்பர் 31 வரை நீட்டிப்பு. ஒவ்வொன்றுக்கும் தேதி இருந்தது. அவசரத்தில் முடிந்த காரியம் சாதாரண காலத்தில் ஏன் முடியாது?

உண்மையில் பினாங்கு லெபோ லைட் நீதிமன்றத்தில் இன்று கோப்புகள் அதிகம் தூங்குவதில்லை. தேங்கிய வழக்குகளைத் தீர்க்கும் முனைப்பு 2009 வாக்கில் தொடங்கியதிலிருந்து, நகராத வழக்கை நீதிமன்றம் விரும்புவதில்லை. ஆகவே வங்கியின் வழக்கறிஞர், ‘மீண்டும் தொடுக்கும் உரிமையுடன்’ என்று சொல்லி வழக்கை மீட்டுக்கொள்கிறார். கடனாளி வீட்டுக்கு வந்து, "கேஸ் கேன்சல் ஆயிடுச்சு" என்கிறார். காகிதங்கள் குப்பைக்குப் போகின்றன. வழக்கோ கடன் கொடுத்தவரின் அலமாரியில் உயிரோடு இருக்கிறது.

இங்கேதான் 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் வருகிறது. ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டுகள். மீட்டுக்கொண்ட வழக்கு அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. ஆனால் கடனாளி ஒரு சிறு தொகை கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் ஆறு ஆண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பல ஆண்டு மௌனத்துக்குப் பின் வசூல்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அம்பது வெள்ளியாச்சும் போட்டுருங்க அண்ணே, நான் மேல சொல்லிக்கிறேன்" என்று கெஞ்சுவது இரக்கத்தால் அல்ல. காலம் கடந்துவிட்டது என்பதை நீதிமன்றம் தானாக எடுத்துப் பேசாது என்பதும் பலருக்குத் தெரியாது. எதிர்வாதத்தில் கடனாளியே அதை எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த உரிமை இருந்தும் பயனில்லை.

தீர்ப்பே ஆகிவிட்ட கடன் இன்னும் நீளமாகத் தூங்கும். தீர்ப்பின் ஆயுள் பன்னிரண்டு ஆண்டுகள். ஆறு ஆண்டு தாண்டினால் நிறைவேற்ற நீதிமன்ற அனுமதி வேண்டும், அவ்வளவுதான். அதற்கிடையே பொதுவாக ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி ஓடுகிறது. ஒப்பந்தத்தில் வேறு விகிதம் இருந்தால் அதுவே ஓடலாம், கிரெடிட் கார்டில் அது 18 வரை போகும். இப்படி ஏறி ஒரு லட்சம் ரிங்கிட்டைத் தொட்டால் திவால் நடவடிக்கைக்கும் வழி திறக்கிறது. இத்தனையும் நடப்பது பெரும்பாலும் கடனாளிக்குத் தெரியாமல். சம்மனைப் பதிவுத் தபாலில் கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பினாலே விதிகளின்படி போதும். ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தவர் பட்டர்வொர்த்துக்கு மாறிப் பல ஆண்டு ஆகியிருக்கும். தபால் பழைய கதவைத்தான் தட்டும். தீர்ப்பு கைக்குக் கிடைத்த பின் அதை ரத்துசெய்யக் கேட்க 30 நாள்கள்தான்.

நம் நீதிமன்ற விதிகளுக்குத் தாய்வீடான இங்கிலாந்தில் ஓர் ஏற்பாடு உண்டு. எதிர்வாதம் தாக்கலாவதற்கான காலம் முடிந்து ஆறு மாதம் வாதி எதுவும் செய்யாவிட்டால் வழக்கு தானாக நின்றுவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நின்ற வழக்கு தள்ளுபடியான வழக்கல்ல. வழக்கு ஏற்கெனவே பதிவானதால் காலவரையறைக் கடிகாரமும் ஓடாது. கடனை மலிவாக வாங்கிய நிறுவனம் சில ஆண்டுகள் கழித்து வந்து, நிறுத்தத்தை நீக்குங்கள் என்று மனுப் போடலாம். பாதி மருந்து. அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லமாட்டோம்.

நாங்கள் கேட்பது வேறு. கடன் வழக்கை நிறுத்தும்போதோ மீட்டுக்கொள்ளும்போதோ, காரணமும் முடிவுத் தேதியும் உத்தரவிலேயே இருக்கட்டும். வாதி பன்னிரண்டு மாதம் ஓர் அடியும் எடுத்துவைக்காவிட்டால் மீண்டும் தொடுக்கும் உரிமை போக வேண்டும்; தக்க காரணம் இருந்தால் அவர் நீதிமன்ற அனுமதி கேட்கட்டும். வாதியின் தாமதத்தால் வழக்கு நின்ற காலத்துக்கு வட்டி கூடாது. கடன் வேறு நிறுவனத்துக்குக் கைமாறினால், எழுத்துமூல அறிவிப்பு வேண்டும் என்று 1956ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அந்த அறிவிப்பில் கடைசியாகப் பணம் கட்டிய தேதி, பழைய வழக்கு எண், அந்த வழக்கின் இன்றைய நிலை ஆகிய மூன்றும் சேர வேண்டும். 2025 ஜூலையில் மக்களவை நிறைவேற்றிய பயனீட்டாளர் கடன் மசோதா, வசூல் நிறுவனங்களையும் வாராக்கடன் வாங்குவோரையும் ஓர் ஆணையத்தின் கீழ் கொண்டுவருகிறது. விதிமுறைகளில் இதற்கு இடம் கொடுக்குமாறு அந்த ஆணையத்தை வலியுறுத்துகிறோம். வசூல் கடிதங்கள் தமிழிலும் சீனத்திலும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம், இதற்கு ஆகும் செலவு அற்பம்.

வங்கிகள் சொல்லும் ஒரு வாதத்தில் நியாயம் இருக்கிறது. கெடு வைத்தால் நாங்கள் பொறுமை காட்டமாட்டோம், உடனே தீர்ப்பு வாங்கிவிடுவோம் என்கிறார்கள். ஒழுங்காக நடக்கும் தவணை உடன்பாடு எங்கள் கோரிக்கையில் சிக்காது. அதில் வாதி சும்மா இருக்கவில்லை. சும்மா இருப்பவர் விரைந்து தீர்ப்புக் கேட்டால் கேட்கட்டும். கடனாளி நேரில் வந்து தன் கணக்கைச் சொல்லலாம், 1957ஆம் ஆண்டுக் கடனாளிகள் சட்டத்தின்கீழ் தவணையில் கட்டவும் கேட்கலாம். பட்ட கடனைக் கட்டாதே என்று நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை.

சட்டம் மாறும்வரை பழைய கடனுக்காக யாராவது கூப்பிட்டால், அந்த அழைப்பிலேயே எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம், பணமும் போட வேண்டாம். யார் சார்பில் பேசுகிறார்கள், வழக்கு எண் என்ன, கடைசித் தவணை எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். சிடிஒஎஸ் என்னும் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையை எடுத்து உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று பாருங்கள். புதிய சம்மன் வந்தால் 14 நாள்களுக்குள் ஆஜராவதாகப் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பாக்கியை அடைக்க ஆ லோங் என்னும் கந்துவட்டிக்காரரிடம் போகவே வேண்டாம். காகிதங்களை, கிழிந்ததாயினும், தேதி வாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ ஏகேபிகே கிளைக்கோ முதலில் போங்கள்.