பத்தில் ஒருவர்

கடலூரிலிருந்து குள்ளஞ்சாவடி மார்க்கமாய் நெய்வேலிக்குச் செல்வோர், பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தையும் அனல்மின் நிலையங்களையும் நம்பியே அந்த வட்டாரம் ஜீவிக்கிறது என்பதை அறிவர். நெய்வேலி ஸ்தாபனம் முதலான மத்திய சர்க்கார் தொழில் ஸ்தாபனங்களின் உத்தியோகஸ்தர்களுக்கு 2008-ம் வருஷம் நவம்பரில் ஒரு விசித்திர விதி ஏற்பட்டது. நூற்றுக்கு 15 பேருக்கு மேல் எவரும் உன்னதத் தரம் பெறலாகாது. நூற்றுக்கு 10 பேர் தரக்குறைவானவரென எழுதப்பட்டே தீரவேண்டும். அவர்களுக்கு ஊக்க ஊதியம் கிடையாது. இதுவே அவ்விதி.

பரீட்சையில் நூறு பிள்ளைகளும் தேறிவிட்டால், கணக்குக்காகப் பத்துப் பேரைப் பிடித்துத் தோற்கடிக்கும் உபாத்தியாயரை நாம் என்னவென்று சொல்லுவோம்?

முன்னர் எல்லோருக்கும் தாராளமாக உயர்ந்த தரம் வழங்கப்பட்டதென்றும், உழைப்பாளிக்கும் சோம்பேறிக்கும் பேதமில்லாது போயிற்றென்றும் விதியை ஆதரிப்போர் கூறினர். அக்குறை மெய்யே. ஆனால் தராசு பொய்யென்றால் தராசைத் திருத்துவதா, சரக்கில் பத்திலொரு பங்கு மட்டமென்று முன்கூட்டியே தீர்மானிப்பதா? அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் தலைவராயிருந்த ஜாக் வெல்ச் பிரபலமாக்கிய முறை இது. மைக்ரோஸாப்ட் கம்பெனியோ 2013-ல் இத்தகைய முறையைக் கைகழுவிவிட்டது.

சுரங்கத்திலும் கொதிகலனருகிலும் ஒருவன் உயிர் மற்றவன் கண்ணில் இருக்கிறது. 2020-ம் வருஷம் மே, ஜூலை மாதங்களில் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துக்கள் நேர்ந்து தொழிலாளர் பலர் மாண்டனர். அதற்கு இவ்விதி காரணமென்று நாம் சொல்லவில்லை. அப்போது கட்டாயக் கடைத்தரமும் இல்லை. எனினும், பக்கத்திலிருப்பவன் தாழ்ந்தால்தான் தான் தப்பலாமென்ற நிலையில், தன் பகுதியில் கண்ட பழுதை எவன் வாய்விட்டுச் சொல்வான்? தான் அறிந்ததைப் பிறனுக்கு எவன் கற்பிப்பான்?

நீதிபதி ஸதீஷ் சந்திரா கமிட்டியின் அறிக்கைக்குப் பின், 2017 ஆகஸ்டு 3-ம் தேதி உத்தரவில், பத்துப் பேரைக் கட்டாயமாகத் தாழ்த்தும் ஷரத்தைச் சர்க்கார் நீக்கினர். ஒன்பது வருஷம் கழித்தேனும் செய்தார்களே! ஆனால் உன்னதத் தரத்துக்கு நூற்றுக்கு 15 என்ற வரம்பை அவ்வுத்தரவு விட்டுவைத்தது. நூறு பேருள்ள பதவிப்படியில் பதினாறாவது மனிதனும் முதல் பதினைந்து பேருக்குச் சமமாய் உழைத்திருந்தால், அவனைத் தாழ்த்தியதற்கு மேலதிகாரி என்ன காரணம் எழுதுவார்?