வீடு கட்டினால் ஊராகுமா?

தமிழில் ‘வீடு’ என்னும் சொல்லுக்கு விடுதலை என்றும் ஒரு பொருள் உண்டு. மலையகத்தில் தேயிலை வளர்த்த தமிழனோ தான் குடியிருந்த இடத்தைப் பெரும்பாலும் வீடு என்று அழைக்கவில்லை. லயம் என்றான், அதனுள் தனக்குக் கிடைத்த அறையைக் காம்பரா என்றான். முன்னது ஆங்கிலேயன் கட்டிய வரிசையின் பெயர். பின்னது போர்த்துக்கீசியன் விட்டுச்சென்ற சொல். சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயர் சூட்டினார். கூரையின்கீழ் உறங்கியும் வீடில்லாது வாழ்ந்த ஒரு சமூகத்தின் நிலையை அந்த ஒரு சொல் உணர்த்திவிடுகிறது.

பதுளை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளை, பண்டாரவளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களில் லயங்களுக்கு மாற்றாகத் தனிவீடுகள் எழுந்து வருகின்றன. இந்திய அரசின் உதவியும் அதற்குக் கிடைத்திருக்கிறது. மகிழத்தக்க செய்தியே. ஆயினும், கட்டி முடித்த வீடுகளுக்கு இடையேயுள்ள பாதையையும் நீர்க்குழாயையும் வடிகாலையும் பொதுமண்டபத்தையும் யார் பேணுவது? இக்கேள்விக்கு விடை காணாமல் கட்டப்படும் வீடுகள் குடியிருப்பு ஆகலாம், ஊராக மாட்டா.

லய வாழ்க்கையில் இதற்கு விடை எளிது: எல்லாம் தோட்ட நிருவாகமே. கூலி கொடுத்தவரும் கூரை கொடுத்தவரும் ஒருவரே. தகரம் ஒழுகினால் துரையின் ஆபீசுக்கு நடக்கவேண்டும். வேலை போனால் காம்பராவும் போய்விடுமோ என்ற அச்சம் எப்போதும் உடனிருந்தது. அங்கே பழுதுபார்த்தல் உரிமையன்று, சலுகை. சலுகைக்குக் காத்திருப்பவன் அயலானோடு சேர்ந்து கேட்பதைவிடத் தனியே சென்று கைகட்டி நிற்பதே பயன் தரும் என்று எண்ணத் தொடங்குகிறான். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. எசமானர் மாறினர், முறை மாறவில்லை.

இத்தனைக்கும் நடுவே அம்மக்கள் ஒரு சமூகமாக வாழ்ந்தார்கள் என்பதுதான் வியப்பு. பீலியடியில் செய்தி பரவியது. இஸ்தோப்பில் வழக்குகள் தீர்ந்தன. ஒரு காம்பராவில் சாவு விழுந்தால் லயமே அடுப்பை அணைத்தது. மாசியில் காமன் கூத்துக்குத் தோட்டமே திரண்டது. நெருக்கடியான வாழ்க்கையை இதற்காகப் புகழவேண்டியதில்லை. ஆனால், தனிவீட்டுக்குக் குடிபெயரும்போது இந்த உறவையும் உடன் எடுத்துச்செல்ல வழி செய்யவேண்டும்.

இன்றைய இடர் இதுதான். வீடு கைமாறியதும் கம்பெனி தன் பொறுப்பு முடிந்ததென்று ஒதுங்கப் பார்க்கும். பிரதேச சபையோ நெடுங்காலம் எட்டிப்பார்த்ததில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. சட்டம் திருந்திவிட்டால் ஒழுங்கை திருந்திவிடுமா? கேட்பதற்கு ஓர் அமைப்பு இல்லாத இடத்தில் கொடுப்பதற்கும் எவரும் வருவதில்லை.

குறைந்த வருவாயுடையோரின் குடியிருப்பை நிருவகிப்பது தனிக்கலை என்பதை உலகம் அறிந்து 150 ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1865இல் இலண்டன் மாநகரின் மேரிலபோன் பகுதியில், ஜோன் ரஸ்கின் என்னும் பேரறிஞர் வாங்கிய சில பாழடைந்த வீடுகளை ஒக்டேவியா ஹில் என்னும் பெண்மணி பொறுப்பேற்றார். வாரந்தோறும் வாடகை வாங்க நேரில் சென்றார்; சென்றவிடத்தில் குறை கேட்டார். பழுதுபார்க்க ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கினார். அதில் மிஞ்சியதை எந்த வசதிக்குச் செலவிடுவது என்று குடியிருப்போரையே கேட்டார். ஆதலால் அவர்கள் வீட்டைச் சேதப்படுத்தாமல் காத்தனர். அவருடைய முறையில் எசமானத்தனமும் கலந்திருந்தது உண்மை. ஆனால், கணக்கில் பங்கு கொடுத்தால் மனிதனுக்குக் கவலையிலும் பங்கு வரும் என்ற பாடம் இன்றும் பழுதாகவில்லை.

நிருவாகம் என்பது வெறும் ஓடும் குழாயும் பற்றிய செய்தியன்று, உயிர் பற்றியது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை எழுந்தது, மக்கள் பெயரவில்லை. போகச் சொன்னவர் போகுமிடம் காட்டவில்லை. காட்டு என்று ஒரே குரலில் கேட்கத்தக்க குடியிருப்போர் சங்கமும் வலுவாக இல்லை. தப்பியவர்களுக்கு மாகல்தெனியவில் 75 வீடுகள் கிடைத்தபோது ஆண்டு 2016. 2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளை மீண்டும் சரித்துக் காட்டியது.

ஆகவே, செய்யவேண்டியவை சில. ஒவ்வொரு புதுக்குடியிருப்பிலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் சங்கம் ஒன்று வேண்டும். அதில் பாதி இடம் பெண்களுக்கு, ஏனெனில் தண்ணீரின் அருமையை அறிந்தவர்கள் அவர்கள். தோட்ட உத்தியோகத்தர் அதற்குத் தலைவராகக் கூடாது. முன்னைய வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் பல நிருவாகத்தின் நிழலில் இயங்கி மக்களின் மனத்தில் வேரூன்றாமற் போனதை நாம் மறக்கலாகாது. வீட்டுக்கு வீடு சிறுதொகை சேர்ப்பதோடு, கம்பெனியும் பிரதேச சபையும் தத்தம் பங்கைச் செலுத்தவேண்டும். வரவு செலவு மாதந்தோறும் மண்டபத்துப் பலகையில் எழுதப்படவேண்டும். முறைப்பாடு வந்த நாளும் தீர்ந்த நாளும் ஒரே ஏட்டில் அருகருகே நிற்கவேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் விலகி நிற்கலாகாது. முதற்கணக்கை எழுதப் பழக்குவது ஆசிரியரால் இயலும். பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானி வைத்தால் மாணவரே அளக்கலாம்: ஒரு நாளில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். ஐப்பசி மழைக்கு முன் வடிகாலைத் துப்புரவு செய்வது ஊர்ப்பணியாகட்டும்.

வயிற்றுக்கே போதாத கூலியில் பராமரிப்புக்கும் காசா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பாதைக்கும் மலைச்சரிவுத் தடுப்புக்கும் செலவு செய்யும் கடமை அரசுக்கும் கம்பெனிக்குமே உரியது. அதைத் தொழிலாளியின் தலையில் ஏற்றுவது அநீதி. மக்களின் சிறுகாசு அந்தச் செலவுக்கன்று. கேள்வி கேட்கும் உரிமைக்கு அவர்கள் இடும் அச்சாரம் அது.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பது நம் பழமொழி. தேரைச் செய்து நிறுத்திவிட்டார்கள்; வடத்தை மக்கள் கையில் கொடுப்பதற்கு மட்டும் ஏன் தயக்கம்? அதைக் கொடுக்கும் நாளில்தான் லயத்திலிருந்து வந்தவனுக்கு வீடு என்னும் சொல்லின் இரு பொருளும் கைகூடும்.