அப்பாவுக்கு எதுக்குங்க லீவு?

"பிரசவம் உனக்கா, உன் பொண்டாட்டிக்கா?"

பேட்டர்னிட்டி லீவுக்கு எழுதிக் கொடுக்கிற ஆம்பளை இந்தக் கேள்வியிலிருந்து தப்பிப்பது கஷ்டம். கேட்கிறவர் சிரித்துக்கொண்டேதான் கேட்பார். பக்கத்து சீட்டுக்காரர்களும் சிரிப்பார்கள். எழுதிக் கொடுத்த பையன் 15 நாளை 5 நாளாக அடித்துத் திருத்திவிட்டுத் தன் கவுண்டருக்குப் போய்விடுவான். வங்கிக் கிளைகளில் பத்து வருஷமாகப் பார்க்கிறேன், ஜோக் மட்டும் மாறவேயில்லை. அந்தச் சிரிப்பு எவ்வளவு அபத்தம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு. பி.காம் படித்தவன் வேறு எங்கே ஆரம்பிப்பேன்?

உயிரோடிருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக உள்ள மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. குழந்தை பிறந்து ஆறு மாசத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். அதே 15 நாள் பொதுத்துறை வங்கிகளுக்கு 2015 மே மாதம் கையெழுத்தான பத்தாவது இருதரப்பு ஒப்பந்தத்தில்தான் வந்தது. இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து 30 நாள். 35 வருஷ சர்வீஸ் என்றால் 12,775 நாள். முப்பதை அதால் வகுத்துப் பாருங்கள், 0.23 சதவீதம். கால் சதவீதம்கூட இல்லாத ஒன்றைக் கொடுப்பதற்குத்தான் இத்தனை நக்கல்.

நாங்களாவது பரவாயில்லை. பெங்களூரில் நம்ம மக்களில் பெரும்பாலானவர்கள் தனியார் வேலையில்தான் இருக்கிறார்கள். எலெக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு ஐடி கம்பெனியானாலும் சரி, பீன்யாவில் லேத் பட்டறையானாலும் சரி, அப்பாவுக்கு லீவு கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. 1961 மகப்பேறு சட்டத்தை 2017ல் திருத்தி, தாய்க்கு 12 வாரமாக இருந்ததை 26 வாரமாக்கினார்கள். ரொம்ப நல்ல விஷயம். அதே 2017ல் ராஜீவ் சாதவ் என்ற எம்.பி. தகப்பன்களுக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்துக்குப் பதிலாக சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. அதிலும் தாய்க்கு 26 வாரம், தகப்பனுக்கு ஒரு நாள்கூட இல்லை. 2023ல் தென்காசி மாவட்டக் காவல் ஆய்வாளர் ஒருவர், மனைவியின் பிரசவத்துக்காகக் கொடுத்த லீவை ரத்து செய்துவிட்டார்கள் என்று மதுரைக்கு, உயர்நீதிமன்றக் கிளைக்கு, ஓடவேண்டியிருந்தது. இதற்கென்று சட்டம் வேண்டும் என்று நீதிபதியே தீர்ப்பில் எழுதினார். எழுதியதோடு சரி.

"அம்மாதான் பால் கொடுக்கப் போறா, அப்பன் இருந்து என்ன கிழிக்கப் போறான்?" இது அடுத்த கேள்வி. கிழிக்க என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். ராத்திரி பகல் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் யாராவது தூக்கிக் கொடுக்கவேண்டும், ஏப்பம் விடவைக்கவேண்டும், துணி மாற்றவேண்டும். சிசேரியன் என்றால் தாய்க்கு ஒருக்களித்துப் படுத்து எழுந்திருக்கவே இன்னொரு கை வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாள் குழந்தைக்கு மஞ்சள் தட்டும். பெரும்பாலும் தானே சரியாகும், சில குழந்தைகளுக்கு நீல வெளிச்சத்தில் வைக்கவேண்டி வரும். முதல் வாரத்தில் எடை கொஞ்சம் இறங்கி, பிறகு ஏறும். ஏறுகிறதா என்று டாக்டரிடம் காட்டவேண்டும். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்யவேண்டும். இதில் பால் கொடுப்பது ஒன்றைத் தவிர எதை அப்பன் செய்யமுடியாது? வெறும் நெஞ்சில் குழந்தையைப் போட்டு சூடு கொடுப்பதைக்கூட அப்பன் செய்யலாம்.

அதைவிட முக்கியமானது, நாம் வெளியே பேசாதது. பிரசவமான மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் தாய்க்கு அழுகை வரும். இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டால் கவலையில்லை. அதைத் தாண்டியும் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், பிள்ளையைத் தொடவே பிடிக்காமல் போனால் அது நோய், வைத்தியம் பார்க்கவேண்டும். நம்ம பெங்களூர் நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவு 2009லிருந்து இருக்கிறது. ஆனால் அங்கே கூட்டிப் போக, வித்தியாசத்தைக் கவனித்த ஒரு ஆள் வீட்டில் வேண்டுமே? பதினைந்து நாள் லீவு சரியாக எந்த நாளில் முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, சட்டத்தை மட்டும் திட்டி முடித்துவிட்டால் நான் பாதிதான் பேசினவன். மீதி நம்ம வீட்டுக்குள் இருக்கிறது.

வளைகாப்பு முடிந்ததும் பொண்ணை ஊருக்கு அனுப்பிவிடுகிறோம். கன்னடக்காரர்களும் பாணந்தனம் என்று தாய்வீட்டில்தான் பார்க்கிறார்கள். தாய் மடி பொண்ணுக்கு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? என் கோபம் அதன்பிறகு நடப்பதில். அப்பன் என்கிறவன் வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாலாவில் பஸ் ஏறி, சனிக்கிழமை காலையில் திருச்சியிலோ மதுரையிலோ இறங்கி, மாமனார் வீட்டில் மாப்பிள்ளை விருந்து சாப்பிட்டுவிட்டு, பிள்ளையைப் பத்து நிமிஷம் தூக்கி போட்டோ எடுத்துக்கொண்டு, ஞாயிறு ராத்திரி திரும்பிவிடுகிறான். துணி மாற்றப் போனால் "நீங்க ஏன் மாப்ளே, நாங்க இருக்கோமே" என்று வாங்கிக்கொள்வார்கள். நாலாம் மாசம் பிள்ளை பெங்களூர் வரும்போது அப்பனைப் பார்த்து வீறிட்டு அழும். அதையும் ஜோக்காகச் சொல்லித் திரிவான். மாமியார்களுக்கும் இப்போது முட்டிவலி, பி.பி., சர்க்கரை. அறுபது வயசுக்காரி ராத்திரி முழுக்க விழித்திருக்க, முப்பது வயசு ஆம்பளை ஏசி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறான்.

"லீவு கொடுத்தா கிரிக்கெட் பாத்துட்டு உக்காந்திருப்பான்" என்பார்கள். கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். 2015ல் தோனிக்கு மகள் பிறந்தபோது அவர் உலகக் கோப்பைக்காக ஆஸ்திரேலியாவில் இருந்தார். ஆகா தேசபக்தி என்றோம். 2020 டிசம்பரில் கோலி அடிலெய்டு டெஸ்ட் முடிந்ததும் மனைவியோடு இருக்க ஊர் திரும்பினார். பொறுப்பில்லாதவர் என்று ஒரு கூட்டம் வசைபாடியது. அவர் இல்லாமலேயே தொடரை 2-1 என்று ஜெயித்தார்கள். நீங்கள் பதினைந்து நாள் வராவிட்டால் கிளை இழுத்து மூடப்படாது சாமி.

முதலாளிகளின் கேள்வி, காசுக்கு எங்கே போவது. நியாயம். ஈ.எஸ்.ஐ. இல்லாத இடங்களில் தாய்க்கான 26 வாரச் சம்பளமும் முதலாளி தலையில்தான் விழுகிறது. அதனாலேயே கல்யாணமான பெண் என்றால் இன்டர்வியூவில் யோசிக்கிறார்கள். ஆணும் லீவில் போவான் என்று ஆகிவிட்டால் அந்த யோசனை கொஞ்சமாவது குறையும். ஈ.எஸ்.ஐ.யில் 2019 ஜூலையில் வைத்த விகிதப்படி தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார்கள். ஆண்களும்தான் கட்டுகிறார்கள். அந்த நிதியிலிருந்து அப்பாவுக்கு இரண்டு வாரம் கொடுத்து ஆரம்பிக்கலாமே. சிங்கப்பூரில் 2025 ஏப்ரலிலிருந்து அப்பாக்களுக்கு நாலு வாரம், அரசு பணம் கொடுக்கிறது. ஸ்வீடனில் 90 நாள் ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாக ஒதுக்கியது. அப்பன் எடுக்காவிட்டால் அம்மாவுக்கு மாற்றமுடியாது, போச்சு. அப்படி வைத்தால்தான் ஆம்பளை எடுப்பான்.

சட்டம் வரும்போது வரட்டும். லீவு உள்ளவர்கள் முதலில் அதை முழுசாக எடுங்கள். 5 நாள் என்று திருத்தாதீர்கள். மாமனார் ஊருக்குப் போனால் விருந்தாளியாக உட்காராமல் ராத்திரி ரெண்டு மணி ஷிஃப்டைக் கேட்டு வாங்குங்கள். மேனேஜராக இருப்பவர்கள், அடுத்த பையன் விண்ணப்பத்தோடு வரும்போது வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். அதற்கு எந்த மசோதாவும் வேண்டாம், ஒரு பேனா போதும்.