மூக்கைத் திறக்கும் சொட்டு... மூக்கை மூடும் சொட்டு!

உங்க ஹாஸ்டல்ல ஒரு சின்ன ரெய்டு நடத்திப் பாருங்க. ஏதாவது ஒரு ரூம்ல, தலையணைக்கு அடியில, கட்டைவிரல் உசரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில் சிக்கும். மூக்குல விடுற சொட்டு மருந்து. "என்னடா இது?"ன்னு கேட்டா, "எனக்கு சைனஸ்டா மச்சான். இது இல்லாட்டி தூக்கமே வராது"ன்னு பதில் வரும்.

இந்த பதில்ல ரெண்டு சிக்கல் இருக்கு. ரெண்டையும் இந்த வாரம் அலசிடலாம்.

சைனஸ் எல்லாருக்கும் இருக்கு!

சைனஸ் என்பது வியாதியோட பேரே இல்ல பாஸ். கன்னம், நெற்றி, ரெண்டு கண்ணுக்கும் நடுவில், மூக்குக்குப் பின்னால் என்று மண்டையோட்டு எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளுக்குத்தான் அந்தப் பேர். மொத்தம் 4 ஜோடி. உங்களுக்கும் இருக்கு, உங்க பிரின்ஸிபாலுக்கும் இருக்கு. இந்த அறைகளோட வாசல் மூக்குக்குள்ளேதான் திறக்குது. மூக்கு வீங்கினால் வாசல் அடைபடும், உள்ளே சளி தேங்கும், முகம் கனக்கும், குனிந்தால் வலிக்கும். அதுக்குப் பேர் சைனசைட்டிஸ்.

காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், தண்ணி மாதிரி ஒழுகும் மூக்கு, மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு, ஆனால் காய்ச்சல் இல்லை... இப்படி இருந்தால் அது பெரும்பாலும் அலர்ஜி. ஒரு பாவமும் அறியாத தூசியை எதிரின்னு நினைச்சு, உடம்போட செக்யூரிட்டி ஆட்கள் ஹிஸ்டமினைக் கொட்டி ரகளை பண்றதுதான் அலர்ஜி. அந்த ரகளையில் மூக்கின் உள்சதை வீங்கும். அந்த வீக்கமே சைனஸ் வாசலையும் அடைக்கும். அதனால ஒரே ஆளுக்கு ரெண்டு தொல்லையும் சேர்ந்து வரலாம்.

இன்னொண்ணு... "ஒரு பக்கம்தான் அடைக்குது, கொஞ்ச நேரத்துல அது திறந்து இன்னொரு பக்கம் அடைக்குது" என்று பயப்படுபவர்களுக்கு: சில மணி நேரத்துக்கு ஒரு முறை மூக்கு இப்படி ஷிஃப்ட் மாத்துறது எல்லாருக்கும் நடக்கிற இயல்பான விஷயம். வீக்கம் இருக்கும்போது அது நமக்குத் தெரியுது, அவ்வளவுதான்.

பாட்டில் போடும் வட்டி

இப்போ அந்தக் குட்டி பாட்டிலுக்கு வருவோம். லேபிளைப் படிங்க. சைலோமெட்டசோலின் அல்லது ஆக்ஸிமெட்டசோலின் என்று போட்டிருக்கும். இது மூக்கில் இருக்கிற ரத்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்கும். வீக்கம் சட்டுனு வடியும். சில நிமிஷத்திலேயே, 'ஆஹா, காத்துன்னா இதுதாண்டா'ன்னு தோணும்!

மருந்தோட வேகம் இறங்கினதும் ரத்தக் குழாய்கள் மறுபடி விரியும். 3 நாள், அதிகபட்சம் 5 நாள் போட்டுவிட்டு நிறுத்தினால் பிரச்னை இல்லை. அதைத் தாண்டினால் கதை மாறும். குழாய்கள் முன்பைவிட அதிகமாக வீங்க ஆரம்பிக்கும். 8 மணி நேரம் தாங்கின சொட்டு 4 மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் 2 மணி நேரம். இப்போ உங்க மூக்கை அடைக்கிறது தூசியும் இல்ல, சளியும் இல்ல. அந்தச் சொட்டேதான்! கந்து வட்டிக்காரர்கிட்ட கடன் வாங்கி, அந்தக் கடனை அடைக்க அவர்கிட்டயே மறுபடி போய் நிக்கிற மாதிரி.

"இது இல்லாட்டி தூக்கமே வராது"ன்னு சொன்ன நண்பர் பொய் சொல்லலை. ராத்திரி வாயால் மூச்சு விட்டு, தொண்டை காய்ஞ்சு, அரைத் தூக்கத்தோடு எழுந்து, முதல் ஹவர்ல கொட்டாவி விடுறார். ஆனா அவரைத் தூங்க விடாமல் பண்றதே அந்த பாட்டில்தான்.

இதிலிருந்து வெளியே வர முடியும். ஒரு வழி, முதலில் ஒரு பக்க மூக்குக்கு மட்டும் சொட்டை நிறுத்துவது. அந்தப் பக்கம் சரியான பிறகு அடுத்த பக்கம். முதல் சில நாட்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்த நாட்களைத் தாண்ட காது மூக்கு தொண்டை டாக்டர் வேறொரு ஸ்ப்ரே எழுதித் தருவார். அது என்னன்னு பார்ப்போமா?

அவசரப்படாத நண்பன்

ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசொனைட்... இதெல்லாம் மூக்குக்கான ஸ்டீராய்டு ஸ்ப்ரே. ஸ்டீராய்டுன்னதும் அலறாதீங்க. ஜிம்மில் ஆர்ம்ஸ் ஏத்துறதுக்காக திருட்டுத்தனமா போடுற சமாச்சாரம் வேற, இது வேற. அளவு ரொம்பக் குறைவு, வேலையும் பெரும்பாலும் மூக்கோடு சரி. நாள்பட்ட அலர்ஜி மூக்கடைப்புக்கு டாக்டர்கள் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

ஒரே சிக்கல், இது அவசரப்படாது. முழுப் பலன் தெரிய சில நாளிலிருந்து 2 வாரம் வரை ஆகும். தினமும் போடணும். ரெண்டு நாள் போட்டுட்டு "வேஸ்ட்"னு தூக்கிப் போடுறவங்கதான் மறுபடி சொட்டு பாட்டிலுக்கே போறாங்க.

போடுறதிலும் ஒரு டெக்னிக் இருக்கு. தலையை லேசாகக் குனிங்க. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை மூக்கின் நடுச்சுவரைப் பார்க்கக் கூடாது, அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்கணும். அடித்ததும் 'ஸ்ர்ர்'ன்னு பலமா உறிஞ்சாதீங்க. உறிஞ்சினா மருந்து தொண்டைக்குப் போயிடும், மூக்குக்கு ஒண்ணும் மிஞ்சாது.

உப்புத் தண்ணியால மூக்கைக் கழுவுறதும் நல்லாவே கைகொடுக்கும். ஆனா பைப் தண்ணியை நேரா மூக்கில் ஏத்தவே கூடாது. 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் அப்படிக் கழுவிய 2 பேர், மூளையைத் தாக்கும் அமீபா தொற்றால் இறந்துபோனார்கள். கேன் தண்ணியாக இருந்தாலும் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவைத்த பிறகே! ஹாஸ்டல்ல கொதிக்க வைக்க வழி இல்லையா? மெடிக்கல்ஸில் ரெடிமேடாக உப்புநீர் ஸ்ப்ரே கிடைக்கும். அதைத் தினமும் போடலாம், பழகிப்போய் அடைக்காது.

தலையணைக்குள் ஒரு கூட்டம்

மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். அலர்ஜியைக் கிளப்புற ஆசாமி பெரும்பாலும் நம்ம பெட்லயேதான் குடியிருக்கார். நம்ம உடம்பிலிருந்து உதிரும் தோல் துணுக்குகளைத் தின்று வாழும் தூசுப் பூச்சி. கண்ணுக்கே தெரியாது. அதன் எச்சம்தான் பலருக்குக் காலைத் தும்மல். செமஸ்டர் முழுக்கத் துவைக்காத போர்வை அதுக்கு ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்! வாரம் ஒரு தடவை தலையணை உறையையும் போர்வையையும் சுடுதண்ணியில் துவைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்க. ரூமைப் பெருக்குவதற்குப் பதில் ஈரத் துணியால் துடைங்க. கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை. கிரவுண்ட் ஓரத்துல வெள்ளை வெள்ளையா குட்டிப் பூ பூத்து நிற்கும் பார்த்தீனியத்தை வெறும் கையால் பிடுங்கப் போகாதீங்க. அதோட மகரந்தம் மூக்குக்கும் ஆகாது, தோலுக்கும் ஆகாது.

மாத்திரை விஷயத்துல உஷார்

பல சளி மாத்திரைகளில் குளோர்ஃபெனிரமைன் இருக்கும். அது தூக்கத்தைக் கொண்டுவரும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி போட்டால் காலை வரைக்கும் மந்தமா இருக்கும். போட்டுக்கிட்டு பைக் எடுக்கவே எடுக்காதீங்க. செட்ரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும். ஃபெக்ஸோஃபெனடின் அந்த விஷயத்துல பரவாயில்லை.

மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையை யாரோ சொன்னாங்கன்னு மாசக்கணக்கில் முழுங்குறவங்க கொஞ்சம் நில்லுங்க. அது சிலருக்கு மனநிலையையே பாதிக்கலாம். கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரைக்கும் போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் மிகக் கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. போட்ட பிறகு மனசு ஒரு மாதிரி இருந்தால், "எக்ஸாம் டென்ஷன்"னு தள்ளிவிடாமல் உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ஆன்டிபயாடிக்? சாதாரண சளி வைரஸால் வருவது, அதுக்கு ஆன்டிபயாடிக் எடுபடாது. சளி பச்சையா வந்தாலே பாக்டீரியான்னு முடிவு கட்டவும் கூடாது. 10 நாளைத் தாண்டியும் குறையவில்லை, அல்லது குறைந்து மறுபடி அதிகமாகிறது என்றால் டாக்டரைப் பாருங்க. மூச்சு விடும்போது விசில் சத்தம், இரவில் இருமல் என்றாலும் அப்படியே. அலர்ஜி மூக்கும் ஆஸ்துமாவும் பங்காளிகள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மாறுவது, கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலியோடு காய்ச்சல்... இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி.

இந்த வார அசைன்மென்ட் ரொம்ப ஈஸி. தலையணைக்கு அடியில் இருக்கிற அந்த பாட்டிலை எடுங்க. அதை வாங்கி எத்தனை நாள் ஆச்சுன்னு எண்ணுங்க. விரல்கள் 5-ஐத் தாண்டினால், அடுத்த பாட்டில் வாங்க வெச்சிருக்கிற காசை டாக்டர் ஃபீஸுக்கு எடுத்து வைங்க. அப்படியே அந்தத் தலையணை உறையையும் உருவி பக்கெட்டில் போட்டுடுங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்... தும்மாமல்!