பைக் பிரேக்கில் குறை: ரீகால்னா என்ன? வண்டி வச்சிருக்கறவங்க என்ன செய்யணும்?

லீவு நாளில் வைகை அணைக்கு பைக்கில் ஒரு ரவுண்டு போய் வருவது தேனி, மதுரை இளைஞர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆண்டிபட்டியிலிருந்து அணை வரைக்கும் பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. அதே வண்டியை போடிமெட்டு, குமுளி, மேகமலை பக்கம் திருப்பினால் கதை வேறு. மலை ஏறும்போது சோதனை எஞ்சினுக்கு, இறங்கும்போது பிரேக்குக்கு.

அதனால், ‘பிரேக் பாகத்தில் குறை இருக்கிறது, வண்டியைக் கொண்டு வாருங்கள்’ என்று ஒரு நிறுவனம் அறிவித்தால், அதை முதலில் படிக்க வேண்டியவர்களில் மலையடிவார ஊர்க்காரர்களும் உண்டு. ஆனால், பல பேருடைய பதில் என்ன? “என் வண்டி நல்லாத்தானே ஓடுது, அப்புறம் பாத்துக்கலாம்.” ரீகால் என்ற ஏற்பாடு தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

2021-ல் நடந்தது என்ன?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம், 2021 டிசம்பரில் 26,300 கிளாசிக் 350 பைக்குகளை ரீகால் செய்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 5 வரை தயாரான, சிங்கிள் சேனல் ஏபிஎஸ், பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள வண்டிகள் மட்டும் இதில் அடங்கும். புது கிளாசிக் 350 சந்தைக்கு வந்ததே அந்த செப்டம்பரில்தான். அதாவது, ஆசையாக புக் செய்து முதல் மூன்று மாதத்தில் வண்டி எடுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வந்த செய்தி இது.

குறை, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இருக்கும் ‘ரியாக்‌ஷன் பிராக்கெட்’ என்ற சின்ன பாகத்தில். பின் பிரேக் பெடலை வழக்கத்தை விட அதிக அழுத்தத்தில் மிதித்தால், சில குறிப்பிட்ட சூழல்களில் அது சேதமாகலாம். பிரேக் பிடிக்கும்போது வித்தியாசமான சத்தம் வரலாம், மிக மோசமான நிலையில் பிரேக் பிடிமானமே குறையலாம். நிறுவனம் சொன்ன விளக்கம் இதுதான்.

அந்தச் சின்ன பாகத்துக்கு என்ன வேலை?

டிரம் பிரேக்கில், பெடலை மிதித்தால் உள்ளே இருக்கும் இரண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து, சுற்றும் டிரம்மை உள்பக்கமாக உரசி நிறுத்தும். அப்படி உரசும்போது, ஷூக்களைத் தாங்கும் பிளேட்டையும் சக்கரம் தன்னோடு சேர்த்துச் சுற்றப் பார்க்கும். அந்த பிளேட் சுற்றாமல் பிடித்து நிறுத்தி, அந்த விசையை வாங்கிக்கொள்வதுதான் பிராக்கெட்டின் வேலை. பிடிப்பு உறுதியாக இருந்தால்தான் பிரேக் பிடிக்கும்.

சமதளத்தில் இந்த பாகத்துக்கு வேலை வருவது எப்போதாவது சில நொடிகள்தான். பின்னால் ஒருவர், ஒரு பை லக்கேஜ் என்று பாரம் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அதே பாகத்துக்குத் திரும்பத் திரும்ப வேலை. பலருக்குக் கை பிரேக்கை விட கால் பிரேக்கை மிதித்தே பழக்கம் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அணைக்குப் போய் வரும்போது தெரியாத குறை, மலை இறக்கத்தில் தெரிய வரலாம். “நல்லாத்தானே ஓடுது” என்ற சமாதானம் இங்கே செல்லாது.

ரீகால்னா வண்டி மோசம்னு அர்த்தமா?

இல்லை. 2019 மே மாதத்தில் இதே நிறுவனம், பிரேக் காலிப்பர் போல்ட் எதிர்பார்த்த தரத்தில் இல்லை என்று சுமார் 7,000 புல்லட், புல்லட் எலெக்ட்ரா வண்டிகளைச் சரிபார்க்க அழைத்தது. 2020-ல் பிரிட்டன், ஐரோப்பா, தென் கொரியாவில் இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி, ஹிமாலயன் என 15,200 வண்டிகளை அழைத்தது. அங்கே குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, பிரேக் காலிப்பரை அரித்ததுதான் காரணம். உலகம் முழுக்க, கார் நிறுவனங்கள் உட்பட, பெரிய பெயர்கள் எல்லாமே ரீகால் செய்திருக்கின்றன.

குறையை ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்து தரும் நிறுவனத்தைக் கிண்டல் செய்து மீம்ஸ் போட்டால், அடுத்த நிறுவனம் குறையை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். ஆபத்து ரீகால் செய்தியில் இல்லை. அழைத்தும் சரிசெய்யப்படாமல் ரோட்டில் ஓடும் வண்டியில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்லுது?

2012-லிருந்து இந்தியாவில் ரீகால் என்பது நிறுவனங்கள் தாங்களாகப் பின்பற்றிய நடைமுறையாகவே இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன.

இதன்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி மத்திய அரசே உத்தரவிடலாம். போதுமான எண்ணிக்கையில் உரிமையாளர்கள் புகார் கொடுத்தாலும் இது நடக்கும். பழுது பார்த்துத் தருவது, வேறு வண்டி தருவது, முழு விலையைத் திருப்பித் தருவது என்று நிறுவனத்தின் கடமைகளைச் சட்டம் சொல்கிறது. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. நிறுவனமே முன்வந்து குறையைச் சொல்லி ரீகால் செய்தால் அபராதம் கிடையாது.

அப்போ ஓட்டை எங்கே?

செய்தி போய்ச் சேரும் வழியில். ரீகால் தகவல், ஷோரூமில் வண்டி எடுத்தவர் கொடுத்த போன் நம்பருக்குத்தான் முதலில் போகும். அந்த நம்பர் மாறியிருக்கலாம். வண்டியே கை மாறியிருக்கலாம். கம்பம், சின்னமனூர் பக்கம் செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கு அந்த எஸ்எம்எஸ் வர வழியே இல்லை. இலவச சர்வீஸ் முடிந்ததும் உள்ளூர் மெக்கானிக் கடைக்கு மாறுபவர்கள், கம்பெனியின் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் ஒவ்வொரு உரிமையாளருக்கும் நிறுவனம் தபால் அனுப்பியாக வேண்டும். எத்தனை வண்டி சரிசெய்யப்பட்டது என்று காலாண்டு வாரியாக அரசுக்குக் கணக்கும் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் வண்டியின் பதிவு எண்ணைப் போட்டால், ரீகால் பாக்கி இருக்கிறதா என்று அரசு இணையதளமே காட்டும்.

இங்கேயும் அதற்கான அடித்தளம் இருக்கிறது. ஒவ்வொரு வண்டியின் சேசிஸ் எண்ணும், தற்போதைய உரிமையாளர் பெயரும் ‘வாகன்’ தளத்தில் உள்ளன. பெயர் மாற்றும்போதும், இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதும் ‘இந்த வண்டிக்கு ரீகால் பாக்கி’ என்று தமிழில் ஒரு வரி காட்ட இது போதும். அழைத்த வண்டிகளில் எத்தனை சரியானது என்ற கணக்கையும் பொதுவில் வைக்க வேண்டும். 26,300 என்ற எண் செய்தியாகிறது. அதில் எத்தனை வண்டி வொர்க்‌ஷாப் வந்தது என்பதும் செய்தியாக வேண்டும்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள். இதில் பெரும்பகுதிக்கு வேகம் போன்ற காரணங்கள்தான். ஆனாலும் இவ்வளவு பேர் நம்பி ஏறும் வண்டியில், தெரிந்த குறையைத் தெரிந்தே விட்டுவைக்க எந்த நியாயமும் இல்லை.

வண்டி வச்சிருக்கறவங்க என்ன செய்யணும்?

* ஆர்சி-யில் 17 இலக்க சேசிஸ் எண்ணும், தயாரான மாதமும் வருடமும் இருக்கும். அதைச் சொல்லி டீலரிடம் அல்லது கம்பெனி கஸ்டமர் கேரில் ரீகால் உண்டா என்று கேளுங்கள். ரீகால் வேலைக்குக் காசு கிடையாது.

* செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால், முன்பணம் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட வேண்டாம். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

* பிரேக் பிடிக்கும்போது புதுச் சத்தம், பெடல் வழக்கத்தை விட ஆழமாக இறங்குவது, வண்டி நிற்கும் தூரம் கூடுவது: இதில் எது வந்தாலும் மலைப் பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

* இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட வேண்டாம். சின்ன கியரில் இறங்கினால் எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும், பிரேக்குக்குப் பாரம் குறையும்.

* குறையை டீலர் தட்டிக்கழித்தால், ஜாப் கார்டு, பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, வாகன் தளத்தில் ரீகால் புகார் பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

ஒருவர் பதியும் புகார் அவர் வண்டியோடு நிற்பதில்லை. அதே மாடல் வண்டியில் குடும்பத்தோடு மலை இறங்கும் இன்னொருவருக்கும் அது பாதுகாப்பு. அந்தப் புகார்களை எண்ணிப் பார்த்து உத்தரவு போடும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த ஒரு விபத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.